எம்.ஆர்.ஐ. அறைக்குள் ஒரு டிரில் ஜிக்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் சங்கச் செயலாளர் போன் செய்து, "தம்பி, நீ என்ன தொழில் பண்றேன்னு வந்து அரைமணி நேரம் பேசு" என்றார். "அண்ணே, நான் சாஃப்ட்வேரும் இல்லை, கம்பெனி டைரக்டரும் இல்லை. நான் என்ன பேச?" என்றேன். "அதனாலதான் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் சொல்லைத் தட்ட முடியாமல் வந்திருக்கிறேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது என் சொந்தக்காரர்களுக்கே இன்னும் விளங்கவில்லை. என் அம்மாவைக் கேட்டால், "ஆஸ்பத்திரிக்கு என்னமோ பிளாஸ்டிக் கட்டையும் மெத்தையும் செஞ்சு குடுக்கறான்" என்பார்கள். யோசித்துப் பார்த்தால் அதைவிடச் சரியான விடை கிடையாது. கோயம்புத்தூரில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சிறு பட்டறை நடத்துகிறோம். ஒரு சி.என்.சி. மில்லிங் மெஷின், இரண்டு முப்பரிமாண அச்சு இயந்திரங்கள், ஒரு தச்சு மேஜை. எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து உடம்புக்குள் ஊசி செலுத்தும் டாக்டர்களுக்கு, ஊசியை வழி நடத்தும் கட்டைகளும், நோயாளியை அசையாமல் படுக்க வைக்கும் தாங்கிகளும் அந்தந்த நோயாளியின் உடம்புக்கு ஏற்பச் செய்து கொடுப்பது எங்கள் தொழில். தையற்கடையில் அளவெடுத்துச் சட்டை தைப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி எதற்கு? உடம்புக்குள் சந்தேகப்படும்படி ஒரு புள்ளி தெரிந்தால், அதிலிருந்து துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் அது புற்றுநோயா, சாதாரணக் கட்டியா என்று முடிவு சொல்ல முடியும். இதைத்தான் பயாப்ஸி என்கிறார்கள். பெரும்பாலும் அல்ட்ராசவுண்டைப் பார்த்தே இதைச் செய்துவிடலாம். ஆனால் மார்பகத்தில் வரும் சில புள்ளிகள் மேமோகிராமிலும் தெரியாது, அல்ட்ராசவுண்டிலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் மட்டுமே தெரியும். அப்படிப்பட்டதை எம்.ஆர்.ஐ. வைத்துத்தான் பிடிக்க வேண்டும். புள்ளி சில சமயம் ஏழெட்டு மில்லி மீட்டர்தான் இருக்கும். ஊசி அதைத் தவறவிட்டால் பக்கத்திலிருக்கும் நல்ல சதை வரும். "ஒன்றுமில்லை" என்று ரிப்போர்ட் வரும். அந்த அம்மா நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். நோய் இருந்தால் அது உள்ளேயே இருக்கும். எங்கள் தொழிலில் தவறு என்றால் இதுதான். சத்தம் போடாது, உடையாது, புகை வராது. எல்லாம் நன்றாக நடந்தது போலவே இருக்கும்.

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு ஒரு கேள்வி. ஜிக்குக்கும் ஃபிக்ஸ்சருக்கும் என்ன வித்தியாசம்? (பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி சரியாகச் சொன்னார். கைதட்டல்.) ஆம். வேலைப்பொருளைப் பிடித்து நிறுத்துவது மட்டும் ஃபிக்ஸ்சர். பிடிப்பதோடு கருவிக்கும் வழி காட்டினால் ஜிக். டிரில் ஜிக்கில் கடினப்படுத்திய புஷ் ஒன்று இருக்கும். டிரில் அதன் வழியாகத்தான் இறங்க முடியும். நான் செய்வதும் அதுதான். டிரில்லுக்குப் பதில் ஊசி. காஸ்டிங்குக்குப் பதில் ஒரு மனித உடம்பு. இந்தக் காஸ்டிங் மூச்சு விடும், தும்மும், பயப்படும், கழுத்து வலிக்கிறது என்று சொல்லும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் எங்கள் கஷ்டம் முழுவதும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

முதலில் அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிகளில் இருப்பவை பெரும்பாலும் 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா காந்தங்கள். 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு. உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் திரவ ஹீலியத்தில், சுழியத்துக்குக் கீழே 269 டிகிரி குளிரில் கிடக்கிறது. அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடையே இல்லை. ஆகவே கரண்ட் போனாலும் காந்தம் போகாது. ஞாயிற்றுக்கிழமையும் காந்தம் காந்தம்தான். இரும்பு ஆக்ஸிஜன் சிலிண்டரை மறந்து உள்ளே கொண்டுபோய், அது பறந்து வந்து உயிர் போன சம்பவங்கள் உண்டு. 2001-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிறுவனும், 2018-இல் மும்பையில் ஓர் இளைஞரும் அப்படி இறந்தார்கள். இந்த அறைக்குள் போகும் பொருள்களை மூன்று வகையாகப் பிரித்துக் குறியிடும் முறையை ஏ.எஸ்.டி.எம். 2005-இல் வெளியிட்டது: எந்த நிலையிலும் ஆபத்தில்லாதது, சில நிபந்தனைகளோடு கொண்டுபோகலாம் என்பது, கூடவே கூடாது என்பது. எங்கள் பட்டறைச் சுவரில் பெரிதாக ஒட்டி வைத்திருப்பது அந்த மூன்று படங்களைத்தான்.

மனித உடலை இந்த முறையில் முதன்முதலாகப் படம் எடுத்தது 1977-இல். அதற்கு வழிவகுத்த பால் லாட்டர்பர், பீட்டர் மான்ஸ்ஃபீல்டு ஆகிய இருவருக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. படம் எடுப்பது ஒன்று, எடுத்துக்கொண்டே உள்ளே கைவைப்பது வேறு. 1994-இல் பாஸ்டன் நகரின் பிரிகாம் மருத்துவமனையில் ஃபெரென்ஸ் யோலெஸ் என்ற கதிரியக்க மருத்துவரின் முயற்சியால் ஒரு மெஷின் வைத்தார்கள். இரண்டு மெதுவடைகளை இடைவெளி விட்டு எதிரெதிராக நிறுத்தியது போல இருக்கும். நோயாளி வடையின் ஓட்டை வழியாகப் படுத்திருப்பார். டாக்டர் இரண்டு வடைகளுக்கும் நடுவே நின்று வேலை செய்வார். அருமையான யோசனை. ஆனால் காந்தம் 0.5 டெஸ்லாதான். கூர்மையான படம் வேண்டுமென்றால் பலமான, மூடிய குழாய் மெஷினுக்குத்தான் வரவேண்டியிருந்தது. அந்தக் குழாயின் விட்டம் 60 சென்டி மீட்டர், அகலமானது 70. அதற்குள் நோயாளி போனபின் டாக்டரின் கைக்கு இடமில்லை. ஆகவே படத்தை உள்ளே எடுப்பது, மேஜையை வெளியே இழுப்பது, ஊசி போடுவது, மறுபடி உள்ளே அனுப்பிச் சரிபார்ப்பது என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். படம் எடுத்த நேரத்துக்கும் ஊசி இறங்கும் நேரத்துக்கும் நடுவில் நோயாளி அசைந்துவிட்டால், படம் பழைய படம். பழைய படத்தை நம்பி ஊசி போடுவது, போன வருஷத்து டிராயிங்கை வைத்துக்கொண்டு இந்த வருஷத்து காஸ்டிங்கில் துளை போடுவதற்குச் சமம்.

மார்பக பயாப்ஸியில் நடப்பது இதுதான். அந்த அம்மாவைக் குப்புறப் படுக்க வைப்பார்கள். மேஜையில் உள்ள திறப்பு வழியாக மார்பகம் கீழே தொங்கும். இரண்டு பக்கமும் தகடுகளால் மெதுவாக அணைத்துப் பிடிப்பார்கள். ஒரு பக்கத் தகட்டில் ஜன்னல் கம்பி போலச் சதுரக் கட்டங்கள். அதில் ஓர் இடத்தில் படத்தில் பளிச்சென்று தெரியும் அடையாளக் குப்பி. கடோலினியம் என்ற மருந்தை நரம்பில் ஏற்றியதும், ஒன்றிரண்டு நிமிடத்தில் சந்தேகப் புள்ளி வெளிச்சமாகத் தெரியும். குப்பியிலிருந்து புள்ளி எத்தனை மில்லி மீட்டர் மேலே, எத்தனை பக்கவாட்டில், எவ்வளவு ஆழத்தில் என்று கணக்கிட்டு, எந்தச் சதுரம், எந்தத் துளை என்று முடிவு செய்வார்கள். அந்தச் சதுரத்தில் துளைகளுள்ள பிளாஸ்டிக் கட்டையைச் செருகி, மரத்துப்போக ஊசி போட்டு, துளை வழியாக வழிகாட்டிக் குழலை இறக்குவார்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் குச்சியை வைத்து மறுபடி படம் எடுத்து, குச்சியின் நுனி புள்ளியில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சரியாக இருந்தால் சதை எடுப்பார்கள். நேரமாக ஆக, மருந்து சுற்றியுள்ள நல்ல சதைக்கும் பரவிப் புள்ளி மங்கிவிடும். டாக்டருக்குக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்தத் துளைக்குள் எவ்வளவு ஆட்டம் இருக்கலாம்? இதை நீங்களே கணக்குப் போடலாம். கட்டையில் துளையின் நீளம் 20 மில்லி மீட்டர், ஊசிக்கும் துளைக்கும் உள்ள இடைவெளி 0.4 மில்லி மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20-க்கு 0.4 சாய்ந்தால், 60 மில்லி மீட்டர் ஆழத்தில் 1.2 மில்லி மீட்டர் தள்ளிப்போகும். ஏழு மில்லி மீட்டர் புள்ளியில் இது சின்ன விஷயமல்ல. இடைவெளியைப் பாதியாக்கினால் பிழையும் பாதியாகும். அதற்காக ரொம்ப இறுக்கினால் ஊசி போகாது. இந்த 'ஃபிட்' கணக்கை நமக்கு இரண்டாம் வருஷத்தில் சொல்லித் தந்தார்கள். நான் அந்த வகுப்பில் பெரும்பாலும் தூங்கினேன். சார் இங்கேதான் இருக்கிறார், மன்னிக்க வேண்டும்.

ஒரு தோல்வியைச் சொல்கிறேன். தொழில் தொடங்கிய புதிதில், சோதனைக்காகச் சைனா கிராஸைக் காய்ச்சி ஒரு டப்பாவில் ஊற்றி, நடுவே பச்சைப் பட்டாணிகளைப் புதைத்து வைப்போம். பட்டாணிதான் கட்டி, அதைக் குத்த வேண்டும். எங்கள் கட்டை எல்லா அளவிலும் சரியாக இருந்தது. ஆனால் ஊசி ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் இரண்டு மில்லி மீட்டர் தள்ளிப் போனது. மைக்ரோ மீட்டரை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அளந்தோம். துளையில் தவறில்லை, கட்டத்தில் தவறில்லை. கடைசியில் ஸ்கேன் டெக்னீஷியன் ஒருவர்தான், "சார், படம் எடுக்கிற திசையை மாத்திப் பார்க்கலாமா?" என்றார். மாற்றினோம். பிழையும் திசை மாறியது! அப்படியென்றால் கட்டையில் பிழையில்லை, படத்தில்தான் பிழை.

காரணம் இதுதான். அடையாளக் குப்பிக்கு நாங்கள் மருந்துக் கடையில் வாங்கிய மீன் எண்ணெய் மாத்திரையைப் பயன்படுத்தியிருந்தோம். எண்ணெயில் உள்ள ஹைட்ரஜன், தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனைவிடச் சற்றே மாறுபட்ட அதிர்வெண்ணில் பேசும். 1.5 டெஸ்லாவில் அந்த வித்தியாசம் சுமார் 220 ஹெர்ட்ஸ். மெஷினோ இடத்தை அதிர்வெண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. ஒரு படப்புள்ளிக்கு 110 ஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தால், எண்ணெயை இரண்டு புள்ளி தள்ளிக் காட்டிவிடும். சைனா கிராஸ் முழுக்கத் தண்ணீர்; அது தன் இடத்தில் இருந்தது. எண்ணெய் மாத்திரை மட்டும் இடம் மாறித் தெரிந்தது. இடம் மாறித் தெரிந்த மைல்கல்லை நம்பி நாங்கள் தூரத்தை அளந்துகொண்டிருந்தோம். போதாக்குறைக்கு, கொழுப்பின் சிக்னலை அடக்கி எடுக்கும் படங்களில் அந்த மாத்திரை மங்கிப்போகும் என்பதும் பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து குப்பிக்குள் மயில்துத்தம் கரைத்த தண்ணீர்தான். மயில்துத்தம் சேர்ந்த தண்ணீர் படத்தில் நன்றாகப் பளிச்சிடும்; விலையும் ஒன்றுமில்லை. மாத்திரையோடு போகும் தவறு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை, பட்டாணியோடு நின்றது. எல்லாத் தவறும் அப்படி நிற்பதில்லை.

அதைச் சொல்லத்தான் உண்மையில் இன்று வந்தேன்.

தாராபுரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரிந்த ஒரு புள்ளி, 9 மில்லி மீட்டர், அக்குளுக்குக் கிட்டத்தில், நெஞ்சுச் சுவரை ஒட்டினாற்போல. வழக்கமான தகட்டின் கட்டம் அந்த இடம் வரை எட்டாது. இன்னொரு சிக்கல், அவருக்கு வலது தோள் இறுகிப்போயிருந்தது. கையைத் தலைக்கு மேலே தூக்கிக் குப்புறப் படுக்க அவரால் முடியாது. இரண்டு ஆஸ்பத்திரிகளில் முடியாதென்று சொல்லியனுப்பிவிட்டார்கள். எங்களை அழைத்த டாக்டர் மேடம், "அவங்களுக்குன்னு ஒரு தாங்கி, சாய்ந்த துளையோட ஒரு கட்டை, ரெண்டும் செஞ்சு தர முடியுமா?" என்று கேட்டார்.

2017-ஆம் ஆண்டின் மருத்துவ உபகரண விதிகளில் இப்படிக் குறிப்பிட்ட ஒரு நோயாளிக்காகச் செய்யும் பொருளுக்குத் தனி வரையறை உண்டு. பதிவு பெற்ற மருத்துவர் எழுத்தில் கேட்க வேண்டும். அந்த ஒரு நோயாளிக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். மேடம் எழுதிக் கொடுத்தார்.

எங்களிடம் பிளைவுட்டில் செய்த ஒரு பொய் எம்.ஆர்.ஐ. இருக்கிறது. 60 சென்டி மீட்டர் வளையம், கீழே அதே உயரத்தில் மேஜை. பெண் டெக்னீஷியனும் சிஸ்டரும் அந்த அம்மாவை அதில் படுக்க வைத்து, மணிகள் நிரம்பிய பையில் தோளையும் கையையும் பதிய வைத்துக் காற்றை உறிஞ்சினார்கள். காற்று போனதும் பை கல் மாதிரி இறுகி, உடம்பின் அச்சு அப்படியே நிற்கும். நாங்கள் திரைக்கு வெளியே நின்று அளவுகளைக் கேட்டு எழுதிக்கொண்டோம். கை உடம்போடு ஒட்டி, முழங்கை கொஞ்சம் மடங்கி, குழாய்க்குள் இடிக்காமல் இருக்க வேண்டும்.

ஆறு புள்ளி விதி ஞாபகமிருக்கிறதா? அடியில் மூன்று, பக்கத்தில் இரண்டு, முனையில் ஒன்று. எந்தப் பொருளும் அசையாது. மனிதருக்கும் அதே விதிதான், ஆனால் புள்ளிகளை எலும்பில் வைக்க வேண்டும்: நெற்றி, நடு மார்பெலும்பு, இடுப்பெலும்பு. சதையில் வைத்தால் நழுவும். "எலும்பில் நிறுத்து, சதையைத் தாங்கு" என்பது எங்கள் பட்டறை வாசகம். முதலில் தடியான மெத்தையாகச் செய்தோம். நுரை ரப்பர் படுத்த கணத்தில் நின்றுவிடாது. அடுத்த சில நிமிடங்களுக்கு இன்னும் அமுங்கிக்கொண்டே போகும். உடம்பும் கூடவே இறங்கும். ஆகவே அடியில் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, மேலே விரல் தடிமனில் மட்டும் நுரை என்று மாற்றினோம். உறை தைத்த குஷன் கடைக்காரர் வழக்கம்போல ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார். கைக் காந்தத்தால் தடவிப் பார்த்தபோது பதினோரு பின் கிடைத்தது. அவருக்கு அது நல்ல வேலை. அந்த அறைக்கு அது ஆபத்து. அவிழ்த்து நூலால் தைத்தோம்.

குறித்த நாளில் காலை எட்டரை மணிக்கு அந்த அம்மா படுத்தார். தாங்கி பிரமாதமாக வேலை செய்தது. மருந்து ஏற்றினார்கள். புள்ளி தெரிந்தது. கணக்குப் போட்டார்கள். மேஜை வெளியே வந்தது. கிருமி நீக்கிய பொட்டலத்தைப் பிரித்துச் சிஸ்டர் சாய்வுக் கட்டையை எடுத்தார்.

கட்டை வளைந்திருந்தது.

கொஞ்சம்தான். கண்ணுக்கு அப்பளம் மாதிரி ஒரு நெளிவு. கட்டத்தில் செருக முடியவில்லை. துளையில் ஊசி பாதியில் நின்றது. வேறு கட்டை கையில் இல்லை. புள்ளி மங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு மேடம், "இன்னைக்கு வேண்டாம். யூகத்துல குத்த மாட்டேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டவன். முக்கால் மணி நேரம் அசையாமல் கிடந்த அந்த அம்மாவைத் திரும்பவும் எழுப்பி உட்கார வைத்தார்கள்.

நான் போய் அவர் முன்னால் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"நீங்கதான் அந்தக் கட்டை செஞ்சதுங்களா தம்பி?"

"ஆமாங்கம்மா. தப்பு எம்மேலதானுங்க."

தோளைத் தேய்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "நான் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியார். பையன் விடை தப்பாப் போட்டா, விடையை மட்டும் அடிச்சுக் குடுக்க மாட்டேன். எந்த வரியில தப்புன்னு அவனையே கண்டுபிடிச்சு வரச் சொல்லுவேன். நீங்களும் எந்த வரின்னு பாத்துட்டு வாங்க. நான் மறுபடி வர்றேன்."

அன்று இரவு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கட்டை எங்கள் மேஜையிலிருந்து டாக்டர் கைக்குப் போகும் வரை யார் யார் தொட்டார்கள் என்று வரிசையாக எழுதினோம். கிடைத்த வரி இது. நாங்கள் எப்போதும் கொடுக்கும் கட்டைகள் பீக் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. ஆட்டோகிளேவின் 134 டிகிரி நீராவியையும் அது தாங்கும். சாய்ந்த துளையைப் பீக்கில் கடைய நேரமாகும் என்று, அந்த ஒரு கட்டையை மட்டும் அவசரத்துக்கு ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் அச்சடித்தோம். ஏ.பி.எஸ். சுமார் 105 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். "ஆட்டோகிளேவ் கூடாது, வாயுவில் மட்டும் கிருமி நீக்கவும்" என்று ஒரு காகித லேபிள் கட்டி அனுப்பினேன். பீக்கும் பழுப்பு வெள்ளை, நாங்கள் வாங்கிய ஏ.பி.எஸ்.ஸும் பழுப்பு வெள்ளை. எங்கேயோ லேபிள் அவிழ்ந்துவிட்டது. கிருமி நீக்கப் பிரிவில் இருந்தவர் எப்போதும் வரும் கட்டைதானே என்று எப்போதும் போல ஆட்டோகிளேவில் வைத்தார். அவர்மேல் ஒரு குற்றமுமில்லை. பொருள் சொல்ல வேண்டிய விஷயத்தைக் காகிதத்தைச் சொல்ல விட்டவன் நான்.

அன்று எழுதிய நாலு விதிகள் இன்றும் பட்டறையில் இருக்கின்றன. ஒன்று, ஊசி தொடும் எதுவும் பீக்கில் மட்டும்; நேரமானால் ஆகட்டும். இரண்டு, பொருள் வேறானால் நிறமும் வேறு. எச்சரிக்கையைப் பொருளின் மேலேயே செதுக்க வேண்டும். மூன்று, எல்லாம் இரண்டு ஜோடி, தனித்தனிப் பொட்டலத்தில். நாலாவது, ஊசியின் அளவிலேயே ஒரு கோ-நோகோ கேஜ் அதே பொட்டலத்தில் போகும். மருந்து ஏற்றுவதற்கு முன்னாலேயே சிஸ்டர் பொட்டலத்தைப் பிரித்து, எல்லாத் துளையிலும் கேஜை விட்டுப் பார்ப்பார். கேஜ் போகவில்லையென்றால் நோயாளிக்கு மருந்து ஏற்ற மாட்டார்கள். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பன்னிரண்டு நாள் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தார். நான் கண்ணாடிக்கு வெளியே, திரையைப் பார்க்கும் அறையில் நின்றிருந்தேன். உள்ளங்கை வேர்த்துக்கொட்டியது. சரிபார்க்கும் படம் வந்தது. குச்சியின் நுனி குறித்த இடத்திலிருந்து ஒரு மில்லி மீட்டருக்குச் சற்று அதிகமாக விலகி, ஆனால் புள்ளிக்குள்ளேயே நன்றாக இருந்தது. மேடம் தலையை மட்டும் அசைத்தார். சதை எடுத்தார்கள். இடத்துக்கு அடையாளமாகச் சிறிய டைட்டானியம் கிளிப் ஒன்றை உள்ளே விட்டார்கள்.

வெளியே வரும்போது அந்த அம்மா நின்றார். "எந்த வரி தம்பி?"

"லேபிள் வரிங்கம்மா."

"அப்ப கணக்கெல்லாம் சரி, எழுதுன இடத்துலதான் தப்பு" என்றார். "அந்தத் தப்புக்குத்தான் எம்பசங்க நெறைய மார்க் விடுவாங்க."

பயாப்ஸி முடிவு என்ன வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அது அவருக்கும் டாக்டருக்கும் சொந்தமானது. எங்களுக்கு வரும் ரிப்போர்ட்டில் மில்லி மீட்டர் மட்டும்தான் இருக்கும். வந்த முடிவு எதுவானாலும் அது அந்தப் புள்ளியின் முடிவு, பக்கத்துச் சதையின் முடிவு அல்ல என்பது மட்டும் எனக்குத் தெரியும். எங்கள் வேலை அதோடு முடிகிறது.

மாணவர்களுக்கு இரண்டு வார்த்தை. இங்கே முதல் வருஷத்தில் ஃபிட்டிங் ஷாப் இருக்கிறது. "எல்லாம் கம்ப்யூட்டரில் வரைகிற காலத்தில் அரம் எதற்கு சார்?" என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரியும், நாங்களும் கேட்டவர்கள்தான். என்னுடைய இரும்புத் துண்டை இன்ஸ்ட்ரக்டர் ஐயா ஏழு முறை திருப்பிக் கொடுத்தார். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டி, "வெளிச்சம் தெரியுது பாரு கண்ணு, இன்னும் ராவு" என்பார். அப்போது எரிச்சலாக இருந்தது. இன்று சிஸ்டர் கேஜைத் துளையில் விட்டுப் பார்க்கிறாரே, அது அந்த ஜன்னல் வெளிச்சம்தான். அளந்து பார்க்காமல் 'சரியாகத்தான் இருக்கும்' என்று கையை விட்டு அனுப்பக் கூடாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஐயாவின் மூலைமட்டம். ஐயா ஓய்வு பெற்றும் இன்று நமக்காக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். (கைதட்டல்.)

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு ஒருமுறை போய், நோயாளியாக அல்ல, மெக்கானிக்காகச் சுற்றிப் பாருங்கள். தலையணையை மடித்து வைத்தும், போர்வையைச் சுருட்டி முட்டுக் கொடுத்தும், பிளாஸ்திரி ஒட்டியும் டெக்னீஷியன்கள் எத்தனை இடத்தில் சமாளிக்கிறார்கள் என்று தெரியும். ஒவ்வொரு சுருட்டிய போர்வையும் ஒரு கடைசி வருஷ புராஜெக்ட். கல்லூரி அனுமதித்தால், வருஷத்துக்கு மூன்று மாணவர்களுக்கு எங்கள் பட்டறையில் இடம் தருகிறேன். சம்பளம் பெரிதாக இருக்காது. சைனா கிராஸும் பட்டாணியும் தாராளமாகக் கிடைக்கும்.

பந்திக்கு இலை போட்டுவிட்டதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார்.